ஒரு தடவைதான் கேட்பாள்

எதிர்வீட்டுக்காரி முதல் முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, காபி குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.

"குடிக்கிறேன்க்கா. சீனி மட்டும் கம்மியாப் போடுங்க" என்றாள்.

நான் கேட்டு வாய் மூடவில்லை, அதற்குள் சொல்லிவிட்டாள். எனக்கு ஒரு நிமிஷம் கை ஓடவில்லை. எங்கள் பக்கத்தில் வந்தவள் முதலில் வேண்டாம் என்பாள். இப்போதுதான் குடித்தேன் என்பாள். அட, ஒரு வாய் குடிங்க என்று நாம் சொல்ல வேண்டும். உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பாள். மூன்றாவது தடவையும் சொன்ன பிறகுதான், சரி, அரை டம்ளர் போதும் என்பாள். அந்த அரை டம்ளர் என்பதும் முழு டம்ளர்தான். அதற்குள் அடுப்பில் பால் பொங்கியிருக்கும். நான் செக்கானூரணிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். நாற்பது வருஷம் அந்த வீட்டில் வந்தவர்களுக்குச் சோறு போட்டிருக்கிறேன். முதல் தடவை கூப்பிட்டதும் இலையில் வந்து உட்கார்ந்த மனுஷரை நான் பார்த்ததில்லை.

நாலு நாள் கழித்து நான் அவள் வீட்டுக்குப் போனேன். காபி குடிக்கிறீங்களாக்கா என்று கேட்டாள். வழக்கப்படி, இப்பத்தான் குடிச்சேன் என்றேன். "சரிக்கா" என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். ஒரு மணி நேரம் பேசினோம். நான் நாக்கு வறண்டு வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தேன்.

கஞ்சத்தனம் என்றுதான் முதலில் நினைத்தேன். நாள் போகப் போகத் தெரிந்தது, கஞ்சத்தனம் இல்லை. கேட்டால் எதையும் எடுத்துக் கொடுத்துவிடுவாள். ஆனால் கேட்க வேண்டும். அவளும் அப்படித்தான், வேண்டியதை நம்மிடம் கேட்டுவிடுவாள். அக்கா, ஒரு கொத்து முருங்கைக்கீரை ஒடிச்சுக்கவா. அக்கா, இந்த ஊசியில நூலைக் கோத்துக் குடுங்க. கேட்கும்போதே கூடவே ஒன்று சொல்வாள்: "இல்லைன்னா இல்லைன்னு சொல்லிருங்கக்கா, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்." நானும் ஒருநாள் சோதித்துப் பார்ப்பதற்காகக் கீரை இல்லை என்றேன். மரம் தழைத்துப்போய் எங்கள் தலைக்கு மேலேதான் நின்றது. அவள் சரிக்கா என்று போய்விட்டாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. எனக்குத்தான் அன்று முழுவதும் மனது சரியில்லை.

என்னை அக்கா என்பாள், எங்கள் வீட்டுக்காரரை அண்ணே என்பாள். முறை இடிக்கிறதே தங்கச்சி என்று ஒருநாள் சொன்னேன். "இடிச்சா இடிச்சிட்டுப் போகுதுக்கா, ரெண்டு பேரும் நல்லவங்கதான" என்றாள்.

ஒரு தடவை மேலூரில் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு வீட்டுக்காரர்களும் போயிருந்தோம். பந்தியில் அவள் எனக்கு அடுத்த இலை. பாயசம் வந்தது. நல்ல பாயசம், பருப்பும் வெல்லமும் பதமாகச் சேர்ந்தது. எனக்கு இன்னும் ஒரு கரண்டி ஊற்றினால் தேவலை என்று இருந்தது. பரிமாறுகிறவர் மறுபடி வந்தபோது அவள் இலையை நேராக இழுத்து வைத்து, "இங்க ஊத்துங்க தம்பி, நல்லா இருக்கு" என்றாள். அந்த ஆள் சிரித்துக்கொண்டே இரண்டு கரண்டி ஊற்றினார். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் வேண்டாம் என்று இலைக்கு மேலே கையை மறித்தேன். மறித்தாலும் ஊற்றுவதுதானே பரிமாறுகிறவர்களுக்கு அழகு. அந்த ஆளும் நல்ல பழக்கம் உள்ளவர், கரண்டியைச் சாய்க்கத்தான் போனார். இவள், "அக்கா வேணாங்கறாங்க தம்பி, வற்புறுத்தாதீங்க" என்று அவர் கையைத் தடுத்துவிட்டாள். பாதி பாயசம் என் புறங்கையில் விழுந்தது. அதை நக்கவா முடியும்.

வெளியே வந்ததும், இது என்னம்மா பழக்கம் என்று கேட்டேவிட்டேன். அப்போது சொன்னாள். சின்ன வயதில் தாய் தகப்பன் இல்லாமல் விடுதியில் வளர்ந்தவளாம். அங்கே வரிசையில் தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். "கரண்டி நம்ம தட்டுக்கிட்ட ஒரு தடவைதான்க்கா நிக்கும். வேணும்னா வேணும்னு சொல்லணும். வேணாம்னு சொன்னா அடுத்த தட்டுக்குப் போயிரும். திரும்பி வராது." வளர்ந்து பெரியவளாகி அவள் பார்த்த வேலையும் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூடத்து வேலைதான். இருநூறு பிள்ளைகளுக்கு நடுவில் நின்று, போதுமா, வேணுமா என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு தடவை கேட்டே முப்பது வருஷம் போட்டவள்.

அதைக் கேட்டதும் எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் பாயசத்தை நான் மறக்கவில்லை.

அவள் வீட்டுக்காரர் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. பணியில் இருந்த காலமெல்லாம் கத்திக் கத்தி தொண்டை ஓய்ந்துவிட்டது என்று அவளே கேலி செய்வாள். கிராமத்தை விட்டு நாங்கள் குடிவந்த இந்த ஒத்தக்கடையில் நாலு வழிச் சாலையைக் கடப்பது பெரிய பாடு. லாரியும் காரும் கண்மண் தெரியாமல் வரும். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் சாலை தெரியும். அவர்கள் இரண்டு பேரும் கடைக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். சாலை ஓரத்தில் நின்று அவள் ஏதோ சொல்வாள், உடனே அவர் கையை நீட்டுவார், இவள் பிடித்துக்கொள்வாள். நடு ரோட்டில், அந்த வயதில். கடந்த பிறகும் கையை விடமாட்டார்கள்.

எங்கள் வீட்டுக்காரர் எனக்குப் பத்தடி முன்னால் போவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். அவர் முதுகைப் பார்த்தே நான் மதுரை ஜில்லா முழுக்க நடந்திருக்கிறேன். சட்டையின் பின்பக்கத்தில் எந்தத் தையல் விட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் சாலையைக் கடந்தேனா, லாரிக்குள் போனேனா என்று அவர் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் திரும்பிப் பார்ப்பார். எதிர்வீட்டுக்காரி கொடுத்துவைத்தவள் என்று நினைப்பேன். நினைக்கும்போது நெஞ்சில் மிளகாய் அரைத்தது மாதிரி இருக்கும். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவர்கள் மகள் கனடாவில் இருக்கிறாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆறு மாதம் அங்கே போய் இருந்துவிட்டு வருவதற்கு ஏற்பாடானது. வீசா வந்துவிட்டது. புறப்பட எட்டு நாள் இருக்கும்போது அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மகன் எங்களுக்கு வாங்கிக் கொடுத்த பெரிய பெட்டி ஒன்று, சக்கரம் வைத்தது, பரணில் பிரிக்காமல் கிடந்தது. அதைக் கேட்டாள். இல்லைன்னா இல்லைன்னு சொல்லிருங்கக்கா என்பதையும் சேர்த்துத்தான் கேட்டாள். அவளிடம் இல்லை என்று சொல்லலாம், அவள் ஒன்றும் நினைக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கீரைக்கு அப்புறம் என் வாயில் இல்லை என்று வரவில்லை. எடுத்துக்க தங்கச்சி என்றேன். பெட்டியை அவள் உருட்டிக்கொண்டு போனபோது, என் வீட்டுப் பெட்டி விமானம் ஏறப் போகிறது, நான் பெரியார் பஸ் நிலையத்துக்குப் போயே நாலு மாதம் ஆகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் அவள் அந்த ஒரு வாரத்துத் திட்டத்தைச் சொன்னாள்.

"நேத்து இவர்ட்ட கேட்டேன்க்கா. முப்பத்து மூணு வருசமா நாயக்கர் மகாலு, தெப்பக்குளம், அழகர்கோயில்னு ஸ்டாப்புப் பேரைச் சொல்லிச் சொல்லி சனங்களை இறக்கிவிட்டீகளே, நீங்க என்னைக்காவது இறங்கிப் பாத்தீகளான்னு. இல்லைங்கறாரு. அப்ப போறதுக்கு முன்னாடி ஒரு வாரம் இறங்கிப் பாத்துருவோமான்னேன். சரின்னுட்டாரு."

அவ்வளவுதான். கேட்டாளாம், சரி என்றாராம். கனடாவுக்குப் போவதில் எனக்குப் பொறாமை இல்லை. குளிரில் போய் நடுங்கட்டும். இந்த மதுரைக்குள் ஒரு வாரம் இரண்டு பேரும் சேர்ந்து சுற்றப் போகிறார்கள் என்றதும்தான் எனக்கு வயிறு எரிந்தது. இதற்கு வீசா வேண்டியதில்லை. பெண்பிள்ளைகளுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட்டும் கிடையாது. நான் எப்போது வேண்டுமானாலும் போயிருக்கலாம். என்னைக் கூட்டிக்கொண்டு போக ஆள்தான் இல்லை.

திங்கட்கிழமை காலையில் ஏழு மணிக்கு எங்கள் கேட்டில் வந்து நின்றாள். "மகால் பாக்கப் போறோம். வாரீங்களாக்கா?"

எனக்கு ஆசை தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் வாய் பழகின வாய். "இல்ல தங்கச்சி, எனக்கு வேலை கிடக்கு. நீங்க போயிட்டு வாங்க" என்றேன். சொல்லிவிட்டு, அட என்னக்கா வேலை, வாங்க என்று சொல்வாள் என்று வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "சரிக்கா" என்று போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை அழகர்கோயில். அன்றைக்கு நான் விடியலிலேயே குளித்து நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு இருந்தேன். வாசலில் நின்ற நிலையைப் பார்த்தாலே யாருக்கும் தெரியும், இவள் கிளம்பத் தயாராக இருக்கிறாள் என்று. வாரீங்களாக்கா என்றாள். நேற்று வேண்டாம் என்று சொல்லிவிட்டு இன்றைக்கு உடனே வருகிறேன் என்று சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பாள். "வெயிலு தாங்காதுத்தா எனக்கு" என்றேன். சரிக்கா என்றாள்.

சாயங்காலம் அழகர்கோயில் தோசையை ஒரு பொட்டலத்தில் கொண்டுவந்தாள். அந்தத் தோசை கல் மாதிரி மொத்தமாக, மிளகும் நெய்யும் மணக்க இருக்கும். சாப்பிடுறீங்களாக்கா என்றாள். ஐயோ, இந்த வாய் இருக்கிறதே. இப்ப எதுக்குத்தா, வேண்டாம் என்று அதுவாகவே சொல்லிவிட்டது. அவள் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மலையில் குரங்கு அவள் வீட்டுக்காரர் கண்ணாடியைப் பிடுங்கிய கதையைச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பொட்டலத்தின் மணம் அவள் போன பிறகும் வீட்டுக்குள் நின்றது.

புதன்கிழமை திருப்பரங்குன்றம். வியாழக்கிழமை தெப்பக்குளம். வெள்ளிக்கிழமை எங்கள் மாடியில் நின்றால் தெரிகிற யானைமலை. ஐந்து நாளும் வந்து கேட்டாள். ஐந்து நாளும் நான் வேண்டாம் என்றேன். ஒரு நாள் முழங்கால் வலி என்றேன், ஒரு நாள் கேஸ் சிலிண்டர் வரும் என்றேன். அவள் ஒவ்வொன்றையும் அப்படியே நம்பினாள். முழங்காலுக்குத் தைலம் கொண்டுவந்து கொடுத்தாள். சிலிண்டர் வந்துருச்சாக்கா என்று சாயங்காலம் மறக்காமல் கேட்டாள்.

சனிக்கிழமை எங்கே என்று வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டாள். கீழக்குயில்குடி, சமணர் மலை.

அது நான் பிறந்த ஊர். அந்த மலையின் அடியில்தான் பிறந்து வளர்ந்தேன். அங்கே தாமரை பூத்த குளம் இருக்கிறது, அய்யனார் கோயில் இருக்கிறது. மலைக்கு மேலே பாறையில் சாமி உருவங்கள் செதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்வார்கள். நான் பார்த்ததில்லை. பெண்பிள்ளைகளை மேலே ஏறவிடமாட்டார்கள். கோயில்வரை போய் விறகு பொறுக்கிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். என் தம்பிமார் ஓடி ஏறுவார்கள். நான் சுள்ளிக்கட்டோடு கீழே நின்று அண்ணாந்து பார்ப்பேன். பத்தொன்பது வயதில் கட்டிக்கொடுத்தார்கள், வந்துவிட்டேன்.

"உங்க ஊராமேக்கா. மேல ஏறிப் பாத்திருப்பீங்கள்ல?" என்று கேட்டாள்.

என் ஊர் மலையை நான் ஏறிப் பார்த்ததில்லை என்று ஒரு கண்டக்டர் பெண்டாட்டியிடம் சொல்வேனா. எத்தனையோ தடவை என்றேன். அதையும் நம்பினாள்.

அன்று முடிவு செய்தேன். நாளைக்கு அவள் வந்து கேட்டதும் முதல் வார்த்தையாக வாரேன் என்று சொல்லிவிட வேண்டும். மற்ற இடம் போனால் போகிறது. என் மலைக்கு அவள் போய், நான் வீட்டில் உட்கார்ந்திருப்பதா. காலையில் எழுந்து புளிச்சாதம் கிண்டினேன், நாலு பேருக்குக் காணும். துண்டு ஒன்று, தண்ணீர் பாட்டில் ஒன்று, பையில் எடுத்து வைத்தேன். செருப்பைக் கழுவி வாசலில் போட்டேன். எதிரே யாரும் இல்லாதபோது வாரேன் என்று இரண்டு தடவை சொல்லியும் பார்த்துக்கொண்டேன்.

ஏழு மணிக்கு எதிர்வீட்டுக் கதவைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. நான் கேட்டுக்கு வந்தேன். அவள் சாவியைக் கணவரிடம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "போயிட்டு வாரோம்க்கா" என்று கையை ஆட்டினாள். நடந்துவிட்டாள்.

கேட்கவில்லை. ஐந்து நாள் வேண்டாம் என்றவளை ஆறாவது நாளும் கேட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்திருப்பாள். அவள் கணக்கில் அது மரியாதை. நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு அவர்கள் இரண்டு பேரும் திருப்பத்தில் மறைகிறவரை நின்றேன். ஒரு சத்தம் கொடுத்திருந்தால் நின்றிருப்பார்கள். எனக்குச் சத்தம் வரவில்லை.

உள்ளே வந்து பையைத் தரையில் போட்டேன். எங்கள் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஆற்றாமையில் அவரிடம்தான் சொன்னேன், என் ஊருக்குப் போகிறாள், ஒரு வார்த்தை வாரீங்களா என்று கேட்டாளா பாருங்கள் என்று.

அவர் பேப்பரை இறக்கவில்லை. "வேணாம் வேணாம்ன ஆளை எத்தனை தடவைதான் கூப்பிடுவாக?" என்றார்.

"கூப்பிடணும். அதுதான் முறை."

"நானும்தான் ஒரு தடவை கூப்பிட்டேன். நீ வேணாம்னுட்ட."

எனக்கு விளங்கவில்லை. எப்ப என்றேன்.

"கல்யாணமான வருசம். சித்திரையில அழகர் ஆத்துல இறங்குறதப் பாக்க வாரியான்னு தொழுவத்துக்கிட்ட வச்சுக் கேட்டேன். வரலன்னுட்ட. சரி, இவளுக்குக் கூட்டம் பிடிக்காது போலன்னு விட்டுட்டேன். அப்புறம் உன்னைய எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னு கேக்கல."

சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

எனக்கு நினைவு இருந்தது. நன்றாக நினைவு இருந்தது. புதுப்பெண் நான். மாமியார் சாணி அள்ளிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றார். கேட்டதும் சரி என்று துள்ளிக்கொண்டு கிளம்பினால் அலைந்தவள் என்று பேசமாட்டார்களா. வரலை என்றேன். சொல்லிவிட்டு வீட்டுக்குள் ஓடி, தலையைப் பின்னிப் பூவை வைத்து, பெட்டியிலிருந்து கூறைச் சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மறுபடி வந்து கூப்பிடுவார் என்று கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வண்டி போகிற சத்தம் கேட்டது. தன் பங்காளியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த மனுஷருக்கு நம்மேல் பிரியம் இல்லை என்று. அந்த முடிவை வைத்துக்கொண்டே நாற்பத்தொன்பது வருஷம் சமைத்துப் போட்டேன், பிள்ளை பெற்றேன், அவர் முதுகுக்குப் பின்னால் நடந்தேன்.

அன்று மத்தியானம் நாலு பேருக்குக் கிண்டின புளிச்சாதத்தை நாங்கள் இரண்டு பேரும் தின்று தீர்த்தோம்.

சாயங்காலம் அவள் வந்தாள். முகம் கன்றிப் போயிருந்தது, சந்தோஷமாக இருந்தாள். என் மலையை என்னிடமே சொன்னாள். படி எங்கே செங்குத்தாக இருக்கிறது, பாறையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிற உருவங்களின் முகம் எப்படி இருக்கிறது, மேலே காற்று எப்படி அடிக்கிறது, அங்கிருந்து பார்த்தால் குளம் ஒரு தட்டு அளவுக்குத் தெரிகிறது என்பதெல்லாம். இடையிடையே, உங்களுக்குத் தெரியாததா அக்கா என்பாள். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அவள் சொன்ன ஒவ்வொரு படியையும் மனதில் எண்ணி வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள். மீனாட்சி கோயிலுக்குப் புறப்பட்டார்கள். மறுநாள் விமானம். அவள் கேட்டைத் திறந்து வெளியே வந்ததும், நான் தெருவுக்கே இறங்கிப் போய் அவள் முன்னால் நின்று, "நானும் வாரேன் தங்கச்சி" என்றேன். நாற்பது வீடு இருக்கிற தெருவில், கேட்காதவளிடம் நானாகப் போய்ச் சொன்னேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "இல்லக்கா. இன்னைக்கு வேணாம். இன்னைக்கு மட்டும் நாங்க ரெண்டு பேரும் தனியாப் போகணும்னு நெனச்சிருக்கோம்" என்றாள்.

முகத்துக்கு நேராக ஒருத்தர் இல்லை என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சரி, வந்துட்டீங்க, வாங்க என்று அடுத்த வார்த்தை வரும் என்று என் காது தானாகவே காத்திருந்தது. வரவில்லை. கீழே பார்த்துக்கொண்டு, சரித்தா என்றேன்.

அவள் போகாமல் நின்றாள். "ஏன்க்கா, அஞ்சு நாளும் கேட்டேனே. ஆசை இருந்தா அப்பவே ஏன் வரல?"

"நீ ரெண்டாந்தடவை கேப்பன்னு இருந்தேன்" என்றேன்.

அவளுக்குப் புரிய நேரம் ஆனது. அவள் வீட்டுக்காரர் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். "வேணாம்னு சொல்லிட்டு வேணும்னு நெனச்சா எதிராளுக்கு எப்படிக்கா தெரியும்?" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற பிள்ளை மாதிரி கேட்டாள். என் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். தெருத் திருப்பத்தில் அவர் கையை நீட்டுவது தெரிந்தது. நான் மேற்கொண்டு பார்க்காமல் உள்ளே வந்துவிட்டேன்.

அவர்கள் கனடாவிலிருந்து திரும்பிய பிறகு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் கோயம்புத்தூரில் தங்கள் மகனோடு போய் இருக்கிறார்கள். எப்போதாவது போனில் கூப்பிடுவாள். நான் நல்லா இருக்கேன் என்பேன். நம்பிவிடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடித்துவிடுகிறேன்.

உள்ளே வந்தேனா, அவர் அதே நாற்காலியில் அதே பேப்பரோடு இருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. அவமானம் ஒரு பக்கம். அவள் மட்டும் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டாளே என்கிற வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். நின்ற வாக்கிலேயே, "குயில்குடிக்குப் போறேன். மலையில ஏறணும். நீங்களும் வாரீகளா?" என்றேன்.

பேப்பர் கொஞ்சம் இறங்கியது. "எனக்கு எதுக்கு. நீ போயிட்டு வா."

சரிதான், இதைக் கேட்கத்தானே இத்தனை வருஷமும் பயந்தாய் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பினேன். நாலு எட்டு வைத்திருப்பேன். எனக்கு எதுக்கு, நீ போயிட்டு வா. அந்தச் சொல் எனக்கு எங்கேயோ பழக்கப்பட்டதாக இருந்தது. அது என் வாயில் வருகிற சொல். அவரும் என் பக்கத்து மண்ணில் பிறந்த மனுஷர்தானே. அவர் வாயும் பழகின வாய்தானே.

திரும்பி வந்தேன். எதிர்வீட்டுக்காரி செத்தாலும் செய்யாத காரியத்தைச் செய்தேன்.

"வாங்களேன்" என்றேன்.

"வெயிலு ஏறிருமே" என்றார். அது வேண்டாம் என்பது இல்லை.

"குடை எடுத்துக்குவோம். வாங்க."

பேப்பரை நாலாக மடித்து டீப்பாயில் வைத்தார். எழுந்து உள்ளே போனார். பீரோவைத் திறந்து, அந்த வெள்ளைச் சட்டை எங்க கிடக்கு என்று கேட்டார்.

நான் கொடியிலிருந்து சட்டையை எடுத்து உதறிக் கொடுத்தேன். பித்தானைப் போட்டுக்கொண்டே மேலே ஏற எத்தனை படி என்று கேட்டார். அப்போதும் எனக்கு அவள் நினைப்புத்தான். அவளுக்கு எல்லாம் ஒரே கேள்வியில் கிடைத்தது. எனக்கு மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது, அதுவும் அறுபத்தெட்டு வயதில். அந்த எரிச்சல் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.